பழைய டிஷ் இரண்டு, 4.2 கிலோமீட்டர் வைஃபை

போன ஞாயிறு மாலை, வீட்டு மொட்டை மாடியில் இருக்கும் ரூட்டரும் தோட்டத்து மோட்டார் அறையில் இருக்கும் ரூட்டரும் முதல்முறையாக 24 மணி நேரம் இடையில் அறுபடாமல் பேசி முடித்தன. நடுவில் 4.2 கிலோமீட்டர் வெட்டவெளி, கொஞ்சம் மரங்கள். இரு முனைகளிலும் இருப்பவை டிவிக்காக வைத்து, பிறகு யாருக்கும் வேண்டாமல் போன 60 செ.மீ. டிஷ் தட்டுகள். இதற்கு ஏழு வாரம் ஆனது. அதில் மூன்று வாரம் ஒரே ஒரு தப்பான நினைப்பில் போனது. இதே வேலையில் இறங்குபவர்களுக்கு அந்த மூன்று வாரமாவது மிஞ்சட்டும் என்று, நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன்.

தேவை சிறியதுதான். கிணற்று நீர்மட்டம் எவ்வளவு, மோட்டார் ஓடுகிறதா என்பது வீட்டிலிருந்தே தெரிய வேண்டும். கேமரா ஒன்றும் வைக்க வேண்டும். அங்கே மொபைல் சிக்னல் ஒரு கோடு வரும், அடுத்த நிமிடம் போய்விடும்.

தட்டுகள் இலவசமாகவே கிடைத்தன. பயன்படாமல் மாடிகளில் நின்றவற்றைக் கேட்டபோது, கழற்றி எடுத்துக்கொண்டால் போதும் என்றார்கள். ஐந்து கிடைத்தன, அவற்றில் இரண்டைத் தேர்ந்தெடுத்தேன். துருவைப் பார்த்து ஒதுக்க வேண்டாம். மேல்பூச்சு உரிந்திருந்தாலும் உலோகம் ஓட்டையில்லாமல் இருந்தால் போதும். பார்க்க வேண்டியது முறுக்கல். தட்டின் விளிம்பில் மேலிருந்து கீழாக ஒரு நூல், இடமிருந்து வலமாக ஒரு நூல், இரண்டையும் இறுக்கிக் கட்ட வேண்டும். நடுவில் அவை ஒன்றையொன்று லேசாகத் தொட்டால் தட்டு நேராக இருக்கிறது. இடைவெளி விழுந்தாலோ, ஒன்று இன்னொன்றை அழுத்தி வளைத்தாலோ தட்டு முறுக்கியிருக்கிறது. ஐந்தில் இரண்டு இந்தச் சோதனையில் கழிந்தன. ஒன்றில் நூல்களுக்கிடையே ஒரு விரலே போகும் அளவு இடைவெளி. சின்ன நெளிவுகளுக்குக் கவலை வேண்டாம். இந்தத் தட்டுகள் 10.7 முதல் 12.75 ஜிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளுக்காகச் செய்யப்பட்டவை, அங்கே அலைநீளம் இரண்டரை செ.மீ. சுமார்தான். வைஃபையின் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் அது 12 செ.மீ.க்கு மேல். அவ்வளவு பெரிய அலைக்கு ஐந்து மி.மீ. பள்ளம் ஒரு பொருட்டே இல்லை.

தட்டு அலைகளைக் குவிக்கும், அவ்வளவுதான். குவிகிற இடத்தில், அதாவது எல்என்பி (தட்டுக்கு முன்னால் நீட்டிய கையின் முனையில் டிவி சிக்னலை வாங்கும் சின்னக் கருவி) இருந்த இடத்தில், வைஃபை அலைக்கு ஏற்ற சின்ன ஆண்டெனா ஒன்று வேண்டும். முதலில் யூஎஸ்பி வைஃபை டாங்கிள் ஒன்றைக் கேபிள் டை போட்டு எல்என்பியைத் தாங்கும் கையில் கட்டிப் பார்த்தேன். 800 மீட்டரில் நன்றாகவே எடுத்தது. ஆனால் யூஎஸ்பி கேபிளை ஐந்து மீட்டருக்கு மேல் இழுத்தால் டாங்கிள் விட்டுவிட்டுத் தெரிகிறது. மாடி உச்சியிலிருந்து கீழே கணினி வரை அது போதாது. அந்த வழியை விட்டுவிட்டேன்.

அடுத்தது பைக்வாட். இரண்டு சதுரங்கள் முனையோடு முனை ஒட்டிய கம்பி, அதன் பின்னால் ஒரு உலோகத் தகடு. வயரிங் வேலையில் மிஞ்சிய 2.5 சதுர மி.மீ. தாமிரக் கம்பியின் மேலுறையை உரித்து 244 மி.மீ. வெட்டினேன். ஒவ்வொரு பக்கமும் 30.5 மி.மீ. வரும்படி குறடால் எட்டுப் பக்கம் மடித்தேன். மடிக்கும் இடங்களை மார்க்கரால் குறித்துவிட்டு, குறியைக் குறட்டு வாயின் ஓரத்தில் வைத்து மடித்தால் அளவு தப்பாது. வாயின் நடுவில் வைத்தால் ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு மி.மீ. கூடிவிடும். முதல் கம்பி அப்படித்தான் வீணானது. பின்தகடு 123 மி.மீ. சதுரம், சர்க்யூட் போர்டு செய்கிற தாமிரப் பலகையில் வெட்டியது. கம்பிக்கும் தகட்டுக்கும் இடைவெளி 15 மி.மீ.

கேபிளைச் சால்டர் செய்யும்போது ஒரு விஷயம். கையில் இருந்த ஆர்ஜி-58 கேபிளில் முதலில் முயன்றேன். அதன் உள்ளுறை பாலிஎத்திலீன். வலைப்பின்னலைச் சூடாக்கியதும் அது இளகி, நடுக்கம்பி ஒரு பக்கமாக நகர்ந்து வலையைத் தொட்டுவிட்டது. மல்டிமீட்டரில் ஷார்ட் காட்டியது. பிறகு மெல்லிய ஆர்ஜி-316 வாங்கினேன். அதில் உள்ளுறை டெஃப்லான், சூட்டைத் தாங்கும். இழப்பு மீட்டருக்கு அதிகம்தான், ஆனால் நான் பயன்படுத்தியது அரை மீட்டர்.

கனெக்டரில் ஒரு வாரம் போனது. பழைய டிபி-லிங்க் டபிள்யூஆர்741என்டி ரூட்டர் இரண்டு வைத்திருந்தேன். ஒற்றை ஆண்டெனா, கழற்ற முடியும், ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரூட்டர் மென்பொருளை ஏற்ற முடியும், 9 வோல்ட்டில் ஓடும். இதைவிடப் பொருத்தமானது வேண்டியதில்லை. ஆண்டெனா திருகும் இடத்தைப் பார்த்து எஸ்எம்ஏ வகைக் கனெக்டர் என்று நினைத்து எஸ்எம்ஏ கேபிள் வாங்கினேன். மரை சரியாகப் பொருந்தியது, திருகியும் விட்டேன். சிக்னல் மட்டும் ரூட்டரோடு வந்த ஆண்டெனாவைவிடக் குறைவு. கழற்றி லென்ஸ் வைத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் நடுவில் ஊசி. ஊசியோடு ஊசி முட்டி ஒன்று வளைந்தும் போயிருந்தது. ரூட்டர்களில் வருவது ஆர்பி-எஸ்எம்ஏ: மரை அதேதான், ஊசியும் துளையும் இடம் மாறியிருக்கும். வாங்கும்போது மரையைப் பார்க்காதீர்கள், நடுவைப் பாருங்கள். ரூட்டரில் ஊசி இருந்தால் கேபிளில் துளை இருக்க வேண்டும்.

இதிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. எதையும் மாடிக்கு ஏற்றுமுன் 30 மீட்டர் தூரத்தில் வைத்து, ரூட்டரோடு வந்த ஆண்டெனாவோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். நல்ல பைக்வாட் ஏழெட்டு டெசிபெல் (சிக்னல் வலுவைச் சொல்லும் அளவு) கூடுதலாகக் காட்ட வேண்டும். என் முதல் பைக்வாட் 8 காட்டியது, இரண்டாவது 5. இரண்டாவதில் இடைவெளியை அளந்தால் 19 மி.மீ. அதை 15க்குக் கொண்டுவந்ததும் அதுவும் 8 ஆனது.

எல்என்பி பிடிக்கும் கிளாம்பின் உள்விட்டம் 40 மி.மீ. அதே 40 மி.மீ. வெளிவிட்டத்தில் பிவிசி குழாய் கிடைக்கிறது. குழாய்த் துண்டின் ஒரு முனையில் பைக்வாட்டின் தகட்டைத் திருகி, குழாயைக் கிளாம்பில் நுழைத்தால் முன்னே பின்னே தள்ளலாம், சுற்றலாம், இறுக்கலாம். இந்த முழு வேலையிலும் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். கம்பித் தளம் தட்டைப் பார்க்க வேண்டும், தோட்டத்தைப் பார்க்கக் கூடாது. எல்என்பியின் முகம் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கம்.

ரூட்டரைக் கீழே வைத்து நீளமான ஆண்டெனா கேபிள் இழுக்கலாமா என்று யோசித்தேன். ஆர்ஜி-58 இந்த அலைவரிசையில் மீட்டருக்கு ஒரு டெசிபெல் அளவில் தின்னும். 22 மீட்டர் இழுத்தால் தட்டு சேர்த்ததெல்லாம் கேபிளிலேயே கரைந்துவிடும். எனவே ரூட்டரைத் தட்டின் முதுகிலேயே ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, கீழிருந்து நெட்வொர்க் கேபிள் மட்டும் ஏற்றினேன். 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு நான்கு கம்பிகள்தான் வேண்டும். மிச்சமுள்ள நீல ஜோடியிலும் பழுப்பு ஜோடியிலும் 9 வோல்ட்டை அனுப்பினேன். கீழே 9.1 வோல்ட், மேலே ரூட்டர் ஓடும்போது 8.2 வோல்ட். அதில் பிரச்சினை இல்லாமல் ஓடுகிறது.

இப்போது அந்த மூன்று வாரத்துக்கு வருகிறேன்.

இரண்டு தட்டுகளையும் ஏற்றினோம். வரைபடத்தில் திசை பார்த்து, இரவில் தோட்டத்து அறை உச்சியில் ஒரு பிரகாசமான விளக்கை எரியவிட்டு, வீட்டுத் தட்டின் முகத்தை அந்த விளக்குக்கு நேராகத் திருப்பினேன். தட்டின் முகம் செங்குத்தாக, விளக்கை நேருக்கு நேர் பார்த்தபடி நின்றது. அங்கேயும் அதே மாதிரி. சிக்னல் இல்லை. பலவீனமான சிக்னல்கூட இல்லை, ரூட்டரின் பெயரே தேடலில் வரவில்லை.

சந்தேகம் கேபிள் மேல் போனது, மாற்றினேன். பைக்வாட் மேல் போனது. இரண்டையும் புதிதாகச் செய்தேன். சேனலை 1, 6, 11 என்று மாற்றினேன். ரூட்டர் கெட்டுவிட்டதோ என்று இன்னொன்றைக் கடன் வாங்கினேன். தட்டில்லாமல் பைக்வாட்டை மட்டும் நேருக்கு நேர் வைத்தபோது −81 என்று ஒரு மெல்லிய சிக்னல் வந்தது (வலு டிபிஎம் என்ற அளவில் மைனஸ் எண்ணாக வரும், சுழிக்கு நெருங்க நெருங்க வலு கூடுதல்). தட்டோடு சேர்த்தால் அதுவும் போய்விடுகிறது. தட்டு உதவ வேண்டியது, கெடுக்கிறது. அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

விடை ஒரு நட்டு வழியாக வந்தது. வீட்டுத் தட்டின் சாய்வைப் பிடிக்கும் நட்டைத் தளர்த்திக்கொண்டிருந்தேன், ஸ்பேனர் நழுவி, தட்டு அதன் எடையில் முன்னால் கவிழ்ந்தது. முகம் தரையைப் பார்த்தபடி தொங்கியது. கீழே லேப்டாப்போடு இருந்த தங்கை மகன் சத்தம் போட்டான்.

“மாமா, என்ன பண்ணீங்க? பேர் வருது!”

“எவ்வளவு காட்டுது?”

“மைனஸ் எண்பத்தாறு. அசையாம இருங்க மாமா, அப்படியே இருங்க.”

டிவிக்கு வரும் தட்டுகள் ஆஃப்செட் வகை. ஒரு பெரிய குழிவின் நடுப்பகுதியை விட்டு, ஓரத்திலிருந்து வெட்டி எடுத்த துண்டு மாதிரி. அதனால்தான் எல்என்பி நடுவில் நிழல் போடாமல் கீழே ஒதுங்கி நிற்கிறது. இதன் விளைவு: தட்டின் முகம் ஒரு பக்கம் பார்க்கும், அலை வேறு பக்கம் போகும். முகத்தைச் செங்குத்தாக நிறுத்தினால் கதிர் இருபது டிகிரிக்கு மேல் வானத்தை நோக்கிப் போகிறது. என் இரண்டு தட்டுகளும் மூன்று வாரம் தோட்டத்துக்கும் வீட்டுக்கும் மேலே, வானத்தில் பேசிக்கொண்டிருந்தன.

எத்தனை டிகிரி என்பதை ஒரு டேப்பால் கண்டுபிடிக்கலாம். இந்தத் தட்டுகள் வட்டமில்லை, உயரம் கொஞ்சம் கூடுதல். என் தட்டின் அகலம் 60 செ.மீ., உயரம் 66 செ.மீ. அகலத்தை உயரத்தால் வகுத்தால் 0.909. கைபேசியில் இருக்கும் கால்குலேட்டரில் அதன் தலைகீழ் கோசைன் எடுத்தால் 24.6 டிகிரி. கதிரைக் கிடைமட்டமாக அனுப்ப, முகத்தை அத்தனை டிகிரி முன்னால் கவிழ்க்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. தட்டைக் கையில் வாங்கிய அன்றே இதைச் செய்து, எண்ணைத் தட்டின் முதுகில் எழுதி வையுங்கள்.

பிராக்கெட் அவ்வளவு கவிழ இடம் கொடுக்கவில்லை. டிவிக்கு யாரும் தொடுவானத்தைப் பார்த்து வைப்பதில்லை என்பதால், சாய்வு நட்டு நகரும் நீளப் பள்ளம் முன்னதாகவே முடிந்துவிடுகிறது. உருண்டை அரத்தால் இரண்டு பக்கமும் ராவி நீட்டினேன். ராவிய இடத்தில் துத்தநாகப் பூச்சு போய்விடும், பெயின்ட் அடிக்க மறக்க வேண்டாம். கைபேசியின் சாய்வுமானியைத் தட்டின் விளிம்பில் மேலும் கீழும் தொடும்படி வைத்த ஒரு நேரான சட்டத்தில் ஒட்டி, 24.6 வந்ததும் இறுக்கினேன். தோட்டத்திலும் அதேபோல் செய்ததும் −70 வந்துவிட்டது.

அடுத்து நுணுக்கமான திருப்பல். 60 செ.மீ. தட்டுக்கு 2.4 ஜிகாஹெர்ட்ஸில் கதிரின் அகலம் ஏறக்குறைய 14 டிகிரி. உச்சத்துக்குப் பக்கத்தில் சிக்னல் தட்டையாக இருக்கும், ஒன்றிரண்டு டெசிபெல் தானாகவே ஏறி இறங்கும். எனவே உச்சத்தைத் தேடக் கூடாது. இடப்பக்கம் திருப்பி, சிக்னல் மூன்று டெசிபெல் விழும் இடத்தில் கம்பத்தில் ஒரு கோடு. வலப்பக்கம் அதே மாதிரி ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவில் நிறுத்த வேண்டும். என் கம்பத்தின் வெளிவிட்டம் 50 மி.மீ., ஒரு டிகிரிக்கு அரை மி.மீ.க்கும் குறைவு. என் இரண்டு கோடுகளுக்கும் இடையே 6 மி.மீ. இருந்தது. மெல்லிய முனைப் பென்சில்தான் சரி, மார்க்கர் கோடே இரண்டு டிகிரி தின்றுவிடும். ஒருமுறை தோட்டத்தில் −79இல் அழகான ஒரு உச்சம் கிடைத்து அங்கேயே இறுக்கிவிட்டோம். அது பக்கக் கதிர், முக்கியக் கதிருக்கு ஓரத்தில் கசியும் பலவீனமான கதிர். இன்னும் இருபது டிகிரி திருப்பியபோதுதான் உண்மையானது வந்தது. முதலில் கிடைத்த உச்சத்தை நம்பாமல் இரண்டு பக்கமும் தாராளமாகச் சுற்றிப் பார்த்துவிட வேண்டும்.

இதற்கு மூன்று பேர் இருந்தால் வேலை வேகமாக ஆகும். தட்டைத் தொடுபவர் ஒருவர், எண் படிப்பவர் ஒருவர், மறுமுனையில் ஒருவர். ஒரு விதி வைத்துக்கொண்டோம்: ஒரு நேரத்தில் ஒரு முனை மட்டும் அசையும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் திருப்பினால் எது யாரால் ஏறியது என்று யாருக்கும் தெரியாது. தட்டைத் திருப்பிவிட்டுக் கையை எடுத்து, பின்னால் ஒதுங்கி நின்று, ஐந்து எண்ணிய பிறகுதான் எண்ணைப் படிப்பது.

அப்புறம் குவியம். பைக்வாட்டை எல்என்பியின் வாய் இருந்த இடத்தில் வைத்திருந்தேன். சரியான இடம் வாய்க்குச் சற்று உள்ளே. இதைச் சரிபார்க்க, முகம் பார்க்கும் கண்ணாடியின் விரல் நகம் அளவு துண்டுகள் ஐந்தைத் தட்டில் அங்கங்கே இரட்டைப் பக்கப் பசைப் பட்டையால் ஒட்டி, தட்டை வெயிலில் வைத்துத் திருப்பினேன். ஐந்து வெளிச்சப் புள்ளிகளும் ஒன்று சேரும் இடத்தில் ஒரு அட்டையைப் பிடித்து, அதற்கும் எல்என்பி கைக்கும் உள்ள தூரத்தை அளந்தேன். கண்ணை அங்கே கொண்டுபோக வேண்டாம், அட்டை மட்டும் போதும். முழுத் தட்டையும் பளபளப்பாக்கவும் வேண்டாம், அட்டையே கருகும். பைக்வாட் 2 செ.மீ. முன்னால் இருந்தது தெரிந்தது. குழாயைப் பின்னால் தள்ளியதும் வீட்டுப் பக்கம் 3 டெசிபெல், தோட்டப் பக்கம் 4 டெசிபெல் கூடியது. −70 இருந்தது −63 ஆனது.

சிக்னல் நன்றாக இருந்தும் வேகம் வரவில்லை. 2 எம்பிபிஎஸ், பிறகு சுழி, பிறகு 3. காரணம் தூரம். வைஃபையில் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் பெற்றுக்கொண்டேன் என்று பதில் வர வேண்டும். 4.2 கிலோமீட்டர் போய்த் திரும்ப அலைக்கு 28 மைக்ரோ விநாடி ஆகும். வீட்டுக்குள் பயன்பாட்டுக்கு அமைத்த ரூட்டர் அவ்வளவு நேரம் காத்திருக்காது. பொட்டலம் தொலைந்தது என்று முடிவு செய்து திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும். ஓபன்டபிள்யூஆர்டியின் வைஃபை அமைப்பில் தூரத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது, இரண்டு முனைகளிலும் 4500 மீட்டர் என்று கொடுத்தேன். கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது நல்லது, குறைவாகக் கொடுக்கவே கூடாது. சேனல் அகலத்தை 40 மெகாஹெர்ட்ஸிலிருந்து 20க்கு இறக்கினேன். ஐபெர்ஃப் என்ற வேகம் அளக்கும் மென்பொருளை வைத்து அளந்தால் 19 முதல் 22 எம்பிபிஎஸ். கேமராவுக்கு இது தாராளம்.

இந்தத் தூரக் கணக்கு எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு வெனிசுலாவில் எர்மானோ பியெட்ரோசெமோலியும் அவர் குழுவும் செய்தது சாட்சி. 2006இல் 279 கிலோமீட்டர், 2007இல் 382 கிலோமீட்டர், சாதாரண லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரூட்டரில். மலை உச்சிகளும் பெரிய தட்டுகளும் இருந்தன, அதோடு காத்திருக்கும் நேரத்தையும் மென்பொருளில் மாற்றியமைத்தார்கள். 382 கிலோமீட்டர் போய்த் திரும்ப இரண்டரை மில்லி விநாடி. அதைப் படித்த பிறகுதான் எனக்கு அந்தத் தூரக் கட்டத்தின் ஞாபகமே வந்தது.

ஒலிபரப்புத் திறனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உரிமம் தேவைப்படாத அலைவரிசை என்றாலும் வரம்பு உண்டு, அது நாட்டுக்கு நாடு மாறும். பெரும்பாலும் அது ரூட்டரின் திறனையும் ஆண்டெனா கூட்டித் தருவதையும் சேர்த்துப் பார்க்கிற வரம்பு. ஐரோப்பாவில் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் மொத்தம் 100 மில்லிவாட்தான். இந்தத் தட்டு சுமார் 20 டெசிபெல் கூட்டுகிறது, அதாவது நூறு மடங்கு. எனவே உங்கள் இடத்து விதியைப் பார்த்து ரூட்டரின் திறனைக் குறைத்துக்கொள்ளுங்கள். நான் 15 டிபிஎம் வைத்திருக்கிறேன். குறைப்பதால் எல்லாம் போய்விடாது. தட்டு அனுப்புவதற்கு மட்டும் உதவுவதில்லை, வாங்குவதற்கும் அதே அளவு உதவுகிறது. அக்கம்பக்கத்து வைஃபைகளைத் தொந்தரவு செய்யாமல், தூரத்துக் குரலைக் கேட்கிற பெரிய காது அது.

முதல் மழையில் −63 இருந்தது −78க்குப் போனது. மழையால் அல்ல, 2.4 ஜிகாஹெர்ட்ஸை இவ்வளவு தூரத்தில் மழைத்துளி பெரிதாகத் தடுப்பதில்லை. பைக்வாட்டைத் தயிர் டப்பா போன்ற ஒரு பிளாஸ்டிக் டப்பாவால் மூடியிருந்தேன், மூடியின் விளிம்பு வழியாகத் தண்ணீர் இறங்கிக் கம்பிக்கும் தகட்டுக்கும் நடுவில் தேங்கியிருந்தது. சிலிக்கான் பூசி, அடியில் 3 மி.மீ. துளை ஒன்று போட்டேன். முழுக்க அடைப்பதைவிட வடிய ஒரு வழி விடுவது மேல். டப்பா தேர்ந்தெடுக்க ஒரு சோதனை: மைக்ரோவேவ் அடுப்பில் ஒரு குவளைத் தண்ணீரோடு காலி டப்பாவை ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். அந்த அடுப்பு 2.45 ஜிகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. டப்பா சூடாகாமல் இருந்தால் வைஃபை அலையையும் அது தின்னாது. கறுப்பு டப்பா ஒன்று நன்றாகச் சுட்டது, அதை ஒதுக்கிவிட்டேன்.

டப்பாவைச் சரி செய்த பிறகும், மழை விட்ட ஒரு மணி நேரம் வரை −71இல் நின்றது. இது மரங்கள். பாதி வழியில் எட்டு மீட்டர் உயரத்தில் ஒரு மரவரிசை இருக்கிறது, கண்ணுக்குத் தெரியும் நேர்கோடு அதற்கு ஒன்றரை மீட்டர் மேலே போகிறது. கண்ணுக்கு அது போதும், அலைக்குப் போதாது. 4.2 கிலோமீட்டரின் நடுவில் அலை பரவிச் செல்லும் வெளியின் ஆரம் 11 மீட்டர் சொச்சம், அதில் அறுபது சதவீதமாவது, அதாவது ஏழு மீட்டர், தடையில்லாமல் இருக்க வேண்டும். நனைந்த இலைகள் அதற்குள் இருக்கின்றன. காகிதக் கணக்குப்படி எனக்கு −60க்குப் பக்கத்தில் வர வேண்டும். உலர்ந்த நாளிலும் −63தான் என்பதற்கு இந்த மரவரிசையைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை. மரத்தை வெட்ட மாட்டேன், தோட்டத்துக் கம்பத்தைத்தான் உயர்த்த வேண்டும்.

கடைசித் தடுமாற்றம் ஆறாவது வாரத்தில். தோட்டத்தில் அடித்த காற்றில், கவிழ்ந்த நிலையில் இருந்த தட்டு மெல்ல மெல்ல இன்னும் கவிழ்ந்துகொண்டே போனது. 60 செ.மீ. தட்டின் மேல் மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று ஏறக்குறைய 15 கிலோ விசையோடு தள்ளும். ராவி நீட்டிய பள்ளத்தில் நட்டு அதைத் தாங்கவில்லை. தட்டின் பின்னால் இருந்த நான்கு துளைகளும் சதுரமாக இருந்ததால், தட்டையே கையோடு சேர்த்து 90 டிகிரி திருப்பிப் பிணைத்தேன். எல்என்பி கை இப்போது பக்கவாட்டில் நீட்டி நிற்கிறது. முகம் செங்குத்தாக நிற்கும், 24.6 டிகிரி கோணல் மேல்கீழாக இல்லாமல் இடவலமாக வந்துவிடும், அதைக் கம்பத்தில் சுற்றிச் சரிசெய்துகொள்ளலாம். பிராக்கெட்டும் தனக்குப் பழகிய இடத்தில் நிற்கிறது. இது மிக நல்ல முறை, முதலிலேயே செய்திருக்க வேண்டியது.

ஆனால் ஏற்றிப் பார்த்தால் −84. எவ்வளவு சுற்றியும் ஏறவில்லை. தட்டோடு சேர்ந்து பைக்வாட்டும் 90 டிகிரி திரும்பிவிட்டது என்பது ஒரு மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது. இரண்டு சதுரங்களும் பக்கம் பக்கமாகக் கிடந்தால் அலை செங்குத்தாக அதிரும், ஒன்றின் மேல் ஒன்றாக நின்றால் கிடையாக அதிரும். ஒரு முனை அப்படி, மறுமுனை இப்படி இருந்தால் இருபது டெசிபெல் போய்விடும். கிளாம்பைத் தளர்த்தி, குழாயைக் கால் சுற்று சுற்றினேன். −63.

செலவில் தட்டுக்கும் ரூட்டருக்கும் எதுவும் போகவில்லை. பாதிக்கு மேல் போனது இரண்டு கம்பங்களுக்கும் வெளியில் போடத் தகுந்த நெட்வொர்க் கேபிளுக்கும். அடுத்தது ஆர்ஜி-316 கேபிள்கள், அதில் தப்பாக வாங்கிய ஜோடியும் சேர்த்தி. கம்பத்தைத் தடித்த தாமிரக் கம்பியால் நிலத்தோடு இணைத்ததற்கும் கொஞ்சம் ஆனது, அதில் சிக்கனம் பார்க்கவில்லை. இடி வரும்போது கீழே கேபிளைப் பிடுங்கியும் வைக்கிறேன். எண்ணி முடித்தால், கடையில் கிடைக்கும் தொலைதூர வெளிப்புற ரேடியோ ஒரு ஜோடியின் விலையில் மூன்றில் ஒரு பங்கு வந்தது. ஏழு வார உழைப்பைக் கணக்கில் சேர்க்கவில்லை.

மறுபடி செய்தால் முதல் நாளே தட்டைப் பக்கவாட்டில் பிணைப்பேன், கோணத்தை அளந்து முதுகில் எழுதுவேன், இரண்டு தட்டையும் 100 மீட்டர் தூரத்தில் தரையிலேயே வைத்து முழுதாகச் சோதித்த பிறகுதான் ஏணியைத் தொடுவேன். தரையில் செய்திருந்தால் வானத்தைப் பார்த்த கதிரை ஒரே மாலையில் கண்டுபிடித்திருப்பேன்.

இதே தட்டு 5.8 ஜிகாஹெர்ட்ஸில் 28 டெசிபெல் வரை கூட்ட வேண்டும். கதிர் 6 டிகிரிக்கு ஒடுங்கும், மரவரிசையின் மேல் அலைக்கு வேண்டிய இடைவெளியும் குறையும். கம்பிச் சதுரத்தின் பக்கம் 13 மி.மீ.க்கும் குறைவாக வருகிறது. அதைக் கையால் மடிக்க முடியுமா என்று மூன்றாவது தட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தோட்டத்துக் கம்பத்தை மூன்று மீட்டர் உயர்த்தக் குழாய் வந்து இறங்கியிருக்கிறது. இதை எழுதும்போது இணைப்பு −64, வேகம் 20, கிணற்றில் தண்ணீர் ஒன்பதாவது வளையத்தில்.